அப்பா வாயில் லென்ஸ் மூடி

அப்பா இருக்கும் இடத்தில் கேமராப் பை இருக்கும். பை இருக்கும் இடத்தில் அவள் இருப்பாள். அதனால் வீட்டில் எல்லாரும் அவளை 'வால்' என்றே கூப்பிட்டார்கள். அவளுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் உள்ள நாட்களில் வால் வீட்டில் கிடக்கும், உடம்பு மட்டும் ஊர் சுற்றும்.

அப்பா எந்தக் கம்பெனியிலும் மாதச் சம்பளத்துக்கு இல்லை. யார் கூப்பிட்டாலும் போய்ப் படம் எடுப்பார். போன மாதம் ஒரு வெங்காயக் கிடங்குக்குப் போனார். அவர் சட்டையை அம்மா அழுதுகொண்டேதான் துவைத்தார். அடுத்து, பாதி கட்டிய ஒரு பாலம். அங்கே காற்று அவருடைய தொப்பியை எடுத்து ஆற்றுக்குக் கொடுத்துவிட்டது. அதற்கடுத்து வெளியூரில் ஒரு ஓட்டல். யாரும் படுக்காத மெத்தைகளை விதவிதமாகப் படம் எடுத்தார். எடுத்து முடித்துவிட்டு, பஸ் நிலைய பெஞ்சில் படுத்துத் தூங்கினார்.

அவர் வெளியூர் போனால் வாலுக்கு ஒரு சிக்கல். அம்மாவுக்கு மருத்துவமனையில் இரவு வேலை. அதனால் அவளை அத்தை வீட்டில் விடுவார்கள். அத்தை தங்கமானவர். ஆனால் படுத்துவிட்டால் மேடு ஏறும் லாரி மாதிரி குறட்டை விடுவார். அந்த லாரி விடியும்வரை மேட்டைத் தாண்டாது.

இந்தத் தடவை வேலை உள்ளூரிலேயே கிடைத்தது. ஒரு பெரிய சலவைக்கூடம். ஓட்டல்களின் படுக்கை விரிப்பும் துண்டும் அங்கேதான் வெளுக்கப் போகும். வேலை செய்கிற எல்லாரையும் ஒரே படத்தில் எடுத்து வாசலில் பெரிதாக மாட்ட வேண்டும். அப்பா போன வாரமே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி இது? எல்லாரும் எதையோ திருடிட்டு மாட்டிக்கிட்ட மாதிரி நிக்கிறாங்க?" என்றார்.

இன்னொரு வாய்ப்பு கொடுத்திருந்தார். அது இன்றைக்கு. லீவு நாள் என்பதால் வாலும் கூட வந்திருந்தாள்.

"படம் நல்லா வந்தா, எங்ககிட்ட துணி போடுற ஓட்டல் எல்லாத்துக்கும் உங்களைச் சொல்றேன்" என்றார் முதலாளி. "எல்லாம் இந்த ஊர்லயே இருக்கு. ஒரு வருஷத்துக்கு நீங்க பஸ் ஏற வேண்டியதே இல்ல. வரலேன்னா, திங்கட்கிழமை வேற ஆள் வர்றார்."

ஒரு வருஷத்துக்கு லாரிச் சத்தம் இல்லை. வால் நிமிர்ந்து நின்றாள்.

கூடத்தில் நீராவி மிதந்தது. பெரிய பெரிய உருளைகளில் துணி சுழன்று நின்றது. எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு வந்து வரிசையாக நின்றார்கள். குட்டையானவர்கள் முன்னால், நெட்டையானவர்கள் பின்னால்.

வாலுக்கு ஒரு வேலை உண்டு. வெள்ளைத் துணியை வட்டமான கம்பியில் இழுத்துக் கட்டிய ஒரு பொருள். ஜன்னல் வெளிச்சத்தை வாங்கி முகத்தில் திருப்பிவிட வேண்டும். அப்பா அதை ரிஃப்ளெக்டர் என்பார். அவள் நிலா என்பாள். அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள்.

அப்பா முதலில் ஒரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. கேமரா கண்ணுக்குப் போனதும் வாய் தானாகத் திறக்கும்.

"கையைத் தொங்க விடுங்க. தாடையைத் தூக்குங்க. அசையாதீங்க!"

ஒருவரும் அசையவில்லை.

"மூச்சு விடலாமா சார்?" என்று கேட்டார் பாய்லர் அண்ணன். கொதிகலனைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். எல்லாரும் சிரித்தார்கள்.

"அசையாதீங்க!" என்றார் அப்பா. சிரிப்பு நின்றது. கேமரா 'கிளிக்' என்றது.

முதலாளி வந்து கேமராவின் திரையைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"பழையபடிதான் இருக்கு. நான் டீ குடிச்சிட்டு வரேன். அதுக்குள்ள ஏதாவது செய்யுங்க. துணி எடுக்க வேன் வந்துட்டா இவங்களை நான் நிறுத்தி வைக்க முடியாது."

அப்பா ஒரு துணிமூட்டை மேல் உட்கார்ந்தார். நெற்றியைத் துடைத்தார். "முகம் எல்லாம் நல்ல முகம்தான். நான் பார்த்தா மட்டும் ஏன் இப்படி ஆகுதுன்னு தெரியல" என்றார்.

வால் கேமராவை வாங்கி, பொத்தானை அமுக்கி அமுக்கிப் படத்தைப் பெரிதாக்கினாள். முகங்கள் திரையை விட்டு மேலே போய்விட்டன. கைகள் வந்தன. ஒருவர் தன் கட்டைவிரலைத் தானே இறுக்கிப் பிடித்திருந்தார். ஒருவர் சட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். பாய்லர் அண்ணன் கை குத்துச்சண்டைக்குத் தயாராக இருந்தது. இஸ்திரி மேஜைக்கார அக்காவுக்குக் கையே இல்லை. பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

வால் அவரிடம் போனாள்.

"ஏன்க்கா கையைப் பின்னாடி வச்சுக்கிட்டீங்க?"

"வேற எங்க வைக்கிறது?" என்றார் அக்கா. "காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் அதுக்கு வேலை இருக்கு. திடீர்னு சும்மா தொங்குன்னு சொன்னா, அதுக்குத் தெரியல. கையும் ஓடல, காலும் ஓடல."

பிறகு குரலைத் தாழ்த்தி, மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். இஸ்திரிப் பெட்டி பட்ட பழைய சூட்டுத் தழும்புகள். "வாசல்ல மாட்டப் போறாங்க. இது எதுக்குப் பாப்பா எல்லார் கண்ணுக்கும்?"

வால் நிலாவை மடித்து வைக்க உட்கார்ந்தாள். அதை மடிப்பது பெரிய வித்தை. இரண்டு பக்கமும் பிடித்து முறுக்கினால் சின்ன வட்டமாகச் சுருங்க வேண்டும். அவளிடம் மட்டும் அது சுருங்காது. முறுக்கினாள். 'டப்' என்று விரிந்து அவள் மூக்கில் அடித்தது.

"கொடு இங்க" என்றார் அக்கா. "ஊர்த் துணியெல்லாம் மடிக்கிறோம். இது என்ன பிரமாதம்?"

அவர் முறுக்கினார். 'டப்.' அது பறந்து போய் பாய்லர் அண்ணன் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்தது.

"என்கிட்ட வச்சுக்காதே, நான் நீராவியையே அடக்குறவன்" என்று அவர் அதோடு மல்லுக்கட்டினார். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தார்கள். "இந்தப் பக்கம் முறுக்கு!" "ஐயோ, உன் பக்கம் இல்ல, என் பக்கம்!" கூடமே அதிர்ந்தது.

வால் அவர்கள் முகங்களைப் பார்த்தாள். கைகளையும் பார்த்தாள். ஒரு கைகூடச் சும்மா இல்லை.

"அப்பா" என்றாள் மெதுவாக.

அப்பாவும் பார்த்துவிட்டார். பாய்ந்து எழுந்தார். கேமரா கண்ணுக்குப் போனது. வாய் திறந்தது.

"அப்படியே இருங்க, அசையாதீங்க!"

எல்லாக் கைகளும் பொத்தென்று கீழே விழுந்தன. எல்லாத் தாடைகளும் மேலே போயின. பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நின்றார்கள். நிலா தரையில் உருண்டு ஓடி ஒரு வாளியில் முட்டிச் சாய்ந்தது.

"போச்சு" என்றார் அப்பா. "எல்லாம் என் வாயால கெட்டுது."

வால் சுற்றும் முற்றும் பார்த்தாள். மேஜையில் வெளுத்த விரிப்புகள் இன்னும் மடிக்காமல் குவிந்து கிடந்தன.

"அக்கா, இருக்கிறதிலேயே பெரிய விரிப்பு எது?"

"ஏன், போர்த்திட்டுத் தூங்கப் போறியா?"

"நிலாவை மடிக்க வரல. விரிப்பையாவது மடிக்கக் கத்துக் கொடுங்க. எல்லாரும் சேர்ந்து."

அக்கா அவளைப் பார்த்தார். பிறகு குவியலிலிருந்து ஒன்றை உருவினார். ஒரு அறையையே மூடும் அளவு பெரிது. சுற்றிலும் ஆள் நின்று விளிம்பைப் பிடித்தார்கள்.

"நீங்க துணிக்கு அடியில பிடிங்கக்கா" என்று வால் காதோடு சொன்னாள். "துணி மணிக்கட்டு மேல விழுந்துடும். ஒண்ணும் தெரியாது."

பிறகு அப்பாவிடம் ஓடினாள். லென்ஸ் மூடியை எடுத்து நீட்டினாள்.

"வாயைத் திறங்க."

"எதுக்கு?"

"திறங்கப்பா!"

திறந்தார். அவள் மூடியை வைத்தாள். "பல்லால கடிச்சுக்குங்க. நான் சொல்ற வரைக்கும் விடக் கூடாது."

அப்பா எதையோ சொன்னார். 'ம்ம்ங்' என்று மட்டும்தான் வந்தது. பிறகு புரிந்துவிட்டது போலும். மூடியைக் கடித்தபடி மேஜை மேல் ஏறினார்.

"இழுத்துப் பிடிங்க!" என்று அக்கா கட்டளையிட்டார். விரிப்பு விறைத்தது. "மேல தூக்கு! கீழ விடு! டேய் பாய்லரு, படுதாவா கட்டுற? ஒழுங்கா இழு!"

"இழுக்கிறேன், நீ என்னையும் சேர்த்து மடிச்சுடாதே!"

விரிப்பு காற்றை வாங்கி உப்பியது. ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் விழுந்து எல்லா முகங்களிலும் தெறித்தது. அவ்வளவு பெரிய நிலாவை வால் ஒருநாளும் தூக்கிப் பிடித்ததில்லை. மேஜை மேல் கேமரா கிளிக், கிளிக் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடியவும் இல்லை.

முதலாளி டீ முடித்து வந்தார். திரையைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"இவன் சிரிச்சு நான் பார்த்ததே இல்லையே" என்றார் ஒருவரைக் காட்டி. "இதையே போடுங்க. ஓட்டல்காரங்ககிட்ட இன்னைக்கே பேசுறேன்."

அப்பா தலையாட்டினார். மூடியை இன்னும் விடவில்லை.

வால் கேமராவை இஸ்திரி அக்காவிடம் கொண்டுபோனாள். படத்தில் அக்கா ஒரு கையைத் துணியிலிருந்து எடுத்து, பாய்லர் அண்ணனைச் சுட்டிக்காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். தழும்பு நன்றாகத் தெரிந்தது.

"வேற படமும் இருக்குக்கா. கை தெரியாதது. அதைப் போடச் சொல்லவா?"

அக்கா திரையைப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"வேணாம்" என்றார். "இதுல நான்தான் எல்லாரையும் மிரட்டுறேன். இதுவே இருக்கட்டும்."

வெளியே வேன் ஹாரன் அடித்தது. அதற்குள் அவர் தன் மேஜைக்குப் போய்விட்டார். போகிற போக்கில் நிலாவை எடுத்து ஒரே முறுக்கில் மடித்து வாலிடம் எறிந்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு நடந்தே போனார்கள்.

"இப்ப எடுக்கலாம்ப்பா" என்றாள் வால்.

அப்பா மூடியை வாயிலிருந்து எடுத்தார். தாடையைத் தடவிக்கொண்டார். "இதைச் சொல்ல மறந்துட்டியோன்னு நினைச்சேன்" என்றார்.

மூடியின் ஓரத்தில் பல் தடம் பதிந்திருந்தது. வால் அதைச் சட்டையில் துடைத்து, பையில் தனி அறையில் வைத்து மூடினாள். முதலாளி போனிலேயே பேசி முடித்துவிட்டார். நாளைக்கே ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை. அங்கேயும் தேவைப்படும்.