மரத்தூள் விழாத இடம்

மடத்தில் மொத்தம் பதினாலு கதவுகள். எல்லாவற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடி பதிக்க வேண்டும். பிள்ளைகளும் பெரியவர்களும் தனியாக இருக்கும் எந்த அறையும் வெளியிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்று துறவற சபை புதிதாக விதி போட்டிருந்தது. நாற்பத்தாறு வருடம் முன்னாலேயே போட்டிருந்தால் புண்ணியமாய்ப் போயிருக்கும் என்று தச்சர் மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டார். வெளியே சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

இந்த வேலையை ஏன் ஒப்புக்கொண்டீர்கள் என்று மனைவி கேட்டபோதும், "தேக்குக் கதவு, கை வைக்கவே சொகமா இருக்கும்" என்று மழுப்பிவிட்டார். மடம் முன்பு மாணவர் விடுதியாக இருந்தது. பத்து வயதில் அவர் அங்கே தங்கிப் படித்தார். அவளுக்கு அது வரைதான் தெரியும்.

வாசலை ஒட்டிய முதல் அறையில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கன்னியாஸ்திரி இல்லை, குடும்பக்காரர்தான். விடுதியில் தங்களுக்கு நடந்த கொடுமைகளைச் சொல்ல வருகிறவர்களிடம் கேட்டு எழுதவும், பிறகு அவர்களுக்குத் துணையாக இருக்கவும் சபை அவரை வைத்திருந்தது.

"யாராச்சும் வந்தாங்களா மேடம்?" என்று தச்சர் காலையில் கேட்டார், சும்மா கேட்பது போல.

"ஒரு ஈ காக்கா வரல. மூணு மாசம் ஆச்சு. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள யாரும் வரலன்னா, புகார் எதுவும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டு நானும் கெளம்பணும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, விடுதிய நடத்துன அந்த வார்டன் பேரு ஹால் வாசல் பலகையில பளபளன்னு அப்படியே இருக்கும். மனசுல வெச்சுப் புழுங்குறவங்க தனியாவே புழுங்க வேண்டியதுதான்."

தச்சர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நகர்ந்தார். பதின்மூன்று கதவுகள் முடிந்திருந்தன. மிச்சம் ஒன்பதாவது. அதைத்தான் நான்கு நாளாக ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தார்.

அது வார்டன் அறை. வார்டன் செத்தே பதினோரு வருடமாகிறது. மடத்தின் தலைவர் சாவியைக் கொடுத்துவிட்டு, "உள்ள ஒண்ணும் இல்லங்க, ஒரு பழைய மேசைதான் கெடக்கு," என்றார்.

விடுதி நாட்களில், அந்த அறைக்குள் சாயங்கால நேரங்களில் வார்டன் சுண்டுவைக் கூப்பிடுவார். கணக்குச் சொல்லித் தருவதாகப் பெயர். சுண்டு தச்சருக்குப் பக்கத்துப் பாயில் படுத்தவன், சுண்டெலி போல இருப்பான். அறைக்குப் போய்விட்டு வந்தால் இரண்டு நாளைக்கு யாரோடும் பேச மாட்டான். ஒருநாள் தச்சர் தண்ணீர்க் குடத்தோடு வந்தபோது, அந்தக் கதவை உள்ளேயிருந்து யாரோ தட்டுவது கேட்டது. கதவின் கீழ்ப்பக்கம், மெதுவாக, மூன்று தட்டு. தச்சர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றார். தாழ்ப்பாள் வெளியேதான் போட்டிருந்தது. கை அதுவரை போயிற்று. பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

லீவுக்கு வீட்டுக்குப் போன சுண்டு திரும்பவே இல்லை. காய்ச்சலில் போய்விட்டான் என்று காலை ஜெபத்தில் சொன்னார்கள்.

கதவை மூடி வைத்து, நான்கு மூலையிலும் துளை போட்டு, ரம்பத்தை உள்ளே விட்டார். பழைய தேக்கு நல்ல வாசனை அடிக்கும். இந்தக் கதவு அடிக்கவில்லை. ஈரத் துண்டும் விடுதிச் சோப்பும் கலந்த வாடை வந்தது.

ரம்பத்தை நிறுத்தினார்.

டொக். டொக். டொக்.

அவருடைய முழங்காலுக்கு நேரே, கதவின் மறுபக்கத்தில்.

வெட்டினால் மரம் முறுக்கும், சத்தம் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முப்பத்தைந்து வருடத் தொழிலில் எந்த மரமும் எண்ணி மூன்று முறை முறுக்கியதில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சத்தையும் அறுத்து, துண்டை வெளியே எடுத்தார்.

துளை வழியே பார்த்தார். மேசை இருந்தது. ஜன்னல் மூடியிருந்தது. யாரும் இல்லை.

தூளைக் கூட்டி அள்ள வேண்டும். வெளிப்பக்கம் திறக்கிற கதவு அது. மெல்ல இழுத்தார். உள்ளே தரையெல்லாம் மரத்தூள், சலித்த மாவு போலச் சீராகப் படிந்திருந்தது.

இரண்டு இடங்களில் மட்டும் படியவில்லை.

கதவை ஒட்டி, பக்கத்தில் பக்கத்தில். கால்விரல்கள் கதவைப் பார்த்தபடி. தச்சர் மண்டியிட்டுத் தன் உள்ளங்கையை அருகில் வைத்துப் பார்த்தார். கையைவிடக் கொஞ்சம்தான் நீளம். அவர் வெட்டி முடிக்கும்வரை யாரோ அங்கே அசையாமல் நின்றிருக்க வேண்டும்.

எழுந்து முதல் அறைக்கு நடந்தார். மணி நாலேகால்.

"நான் சொல்லணும் மேடம்."

நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். "நடுவுல எப்ப வேணா நிறுத்திக்கலாம். கண்ணாடி வழியா நம்மளப் பாக்கலாமே தவிர, யாருக்கும் பேச்சு கேக்காது. அவசரமே இல்ல," என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு எழுதத் தொடங்கினார்.

தச்சர் சொன்னார். சுண்டுவைப் பற்றி, கணக்குப் பாடத்தைப் பற்றி, பேசாமல் கிடந்த இரவுகளைப் பற்றி. குடத்துக்கு வந்ததும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். "போற வழியில தட்டுற சத்தம் கேட்டுச்சு. நான் நிக்கல மேடம். என்னன்னு தெரியாம அப்படியே போயிட்டேன்," என்றார். இத்தனை வருடமும் தன்னிடமே சொல்லி வந்த பொய் அது. சரளமாக வந்தது.

அவர் பேச்சை நிறுத்திய பிறகும் நர்ஸின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

"படிச்சுக் காட்டுறேன். சரியா இருந்தா கையெழுத்துப் போடுங்க," என்று நர்ஸ் நிமிர்ந்தார். நிதானமாகப் படித்தார். குடம் வந்தது. தட்டுகிற சத்தம் வந்தது. நிற்காமல் போனதும் வந்தது. அதோடு நர்ஸ் படிப்பதை நிறுத்தவில்லை.

"'கதவுக்கு அடியில கால் தெரிஞ்சுது. ரொம்ப நேரம் நின்னுச்சு. தெறப்பான்னு நெனச்சு நான் தட்டுறத நிறுத்திட்டேன். அப்புறம் கால் போயிடுச்சு.'"

தச்சர் கையை நீட்டித் தடுத்தார். "இத நான் சொல்லல."

"நீங்கதான் சொன்னீங்க," என்றார் நர்ஸ் குழப்பத்தோடு. "கடைசியா சொன்னது இதுதான். குரல் சன்னமா வந்துச்சு. அழுறீங்கன்னு நெனச்சு நான் நிமிர்ந்து பாக்கல."

தச்சர் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். காலியாக இருந்தது.

"வேணாம்னா அடிச்சிடலாம், உங்க இஷ்டம்," நர்ஸ் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். "வெச்சுக்கலாம்னா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அது யாரோட கால்?"

மணி ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது.

"என் கால்னு எழுதுங்க மேடம்," என்றார் தச்சர்.