டிரம்முக்குள் ஒரு தொம்!

"கட்...! கட்! கட்! கட்!"

அந்த அலறலில் ஆம்பூர் ஸ்டேஷனில் நின்றிருந்த ரயில் இரண்டடி பின்னால் போயிருக்கும்!

மூடிக்கிடந்த பழைய தோல் தொழிற்சாலைக்குள் நூற்றி நாற்பது பேர் கொண்ட வெப் சீரிஸ் யூனிட் அப்படியே உறைந்தது.

ஷூட்டிங்கில் 'கட்' சொல்லும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான். டைரக்டர் பூவரசன்.

ஆனால் கத்தியது அவர் இல்லை.

மூலையில், தலையில் ஹெட்போனும் கையில் மைக் கம்புமாக... சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் எழிலரசி!

நாட்றம்பள்ளிப் பெண். இருபத்தேழு வயது. யூனிட்டில் கேமராவுக்குப் பின்னால் வேலை பார்க்கும் ஒரே பெண். பத்தொன்பது நாளாக அவளை ஒருவரும் 'சாப்ட்டியா' என்றுகூடக் கேட்டதில்லை.

இன்றைக்குத்தான் முதன்முதலாக எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

புரொடக்‌ஷன் மேனேஜர் மூர்த்தி பாய்ந்து வந்தார்.

"இன்னாம்மா... பைத்தியமா உனக்கு? நீ யாரு கட் சொல்றதுக்கு?"

"சார், டிரம்மை நிறுத்தச் சொல்லுங்க!"

டிரம் என்றால் வீட்டில் தண்ணீர் பிடிக்கிற டிரம் இல்லை! தோலைப் போட்டுச் சுழற்றிப் பதப்படுத்தும் ராட்சச மரப் பீப்பாய். உள்ளே பந்தி போட்டு ஒரு கல்யாணத்தையே முடித்துவிடலாம். ஸீனுக்காகக் காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"காலி டிரம்ல எப்படி சார் சத்தம் வரும்? ஒவ்வொரு சுத்துக்கும் தொம்... தொம்னு... உள்ள ஏதோ விழுது!"

"அதை மாட்டிக்கிட்டா காதுல ஆயிரம் கேக்கும்! லிஸ்ட்டுக்காக ஆள் எடுத்தா இப்பிடித்தான் பேஜார். இன்னொரு வார்த்தை பேசு... சாயங்காலம் உன்ன பஸ் ஏத்திடுறேன்!"

எழிலரசி ஹெட்போனைக் கழற்றவில்லை.

அசிஸ்டென்டாக ஆறு வருஷம் மைக் தூக்கியாயிற்று. 'ஒலிப்பதிவு: எழிலரசி' என்று ஒரே ஒரு டைட்டில் கார்டு. அது வந்தால்தான் சங்கத்தில் உறுப்பினர். உறுப்பினர் ஆனால்தான் அடுத்த படம். பஸ் ஏற்றிவிட்டால்... எல்லாம் காலி!

தொம்!

மைக்கைக் கீழே போட்டாள். ஓடினாள். சுவிட்ச் பலகையின் சிவப்பு பட்டனில் ஓங்கி ஒரு குத்து!

டிரம் முனகிக்கொண்டே நின்றது.

டிரம்மை இயக்க இன்றைக்கு மட்டும் வரவழைத்திருந்த பழைய ஆலைத் தொழிலாளி கவுஸ் பாஷா கதவைத் திறந்தார்.

"யா அல்லா...!"

உள்ளே ரத்தம். ரத்தத்துக்கு நடுவே சுருண்டு கிடந்தார் தன்சீல் அகமது!

மேல்விஷாரத்துக்காரர். மும்பையில், இந்த சீரிஸுக்குப் பணம் போடும் ஓடிடி கம்பெனியில் அதிகாரி. பெண்கள், உள்ளூர்க்காரர்கள், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள்... எல்லோருக்கும் யூனிட்டில் நிஜமாகவே வேலை கொடுத்திருக்கிறார்களா என்று சரிபார்ப்பது அவர் வேலை. காலையில்தான் வந்திருந்தார். டைரக்டர் அனுப்பிய லிஸ்ட்டில் பதினாலு பேர். எண்ணிப் பார்த்ததில் சிக்கியது ஒரே தலை.

எழிலரசியின் தலை!

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆளைக் காணோம். கிளம்பிவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"மூச்சு இருக்கு! மூச்சு இருக்கு!"

ஆம்புலன்ஸ் காற்றையே ஓவர்டேக் செய்துகொண்டு வேலூருக்குப் பறந்தது.

*

கவுஸ் பாஷா டிரம்முக்குக் கீழே குந்தியிருந்தார். அவரிடமும் யாரும் பேசவில்லை. எழிலரசி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பாய்... தண்ணி குடிங்க."

"முப்பது வருஷம்மா. சுத்துறதுக்கு முன்னாடி தலையை உள்ள விட்டு, 'கோன் ஹை... யாருப்பா உள்ள?'ன்னு மூணு தபா கேப்பேன். வெறும் டிரம்முன்னு தெரிஞ்சாலும் கேப்பேன். எங்க வேலையில எல்லாரும் கேப்பாங்க. இன்னிக்கு மட்டும் கேக்கல."

"ஏன் பாய்?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"டைரக்டர் சார்தான்... 'கதவு மேல லைட்டிங் செட் பண்ணிட்டேன், நானே மூடிட்டேன், கைய வெக்காத'ன்னாரு. இதை நான் சொன்னா எவன் நம்புவான்?"

எழிலரசி நம்பினாள். அவள் ஒருத்தி நம்பி என்ன ஆகப்போகிறது?

"எழில்மா..."

பின்னால் ஒரு தேன் குரல். திரும்பினாள். டைரக்டர் பூவரசன்!

'சினிமாவில் எல்லோருக்கும் இடம்' என்று மேடையில் மூன்று மணி நேரம் பேசுவார். கேட்பவர்கள் அழுத கண்ணீரை அணை கட்டித் தேக்கினால் பாலாற்றில் வருஷம் பூராவும் தண்ணீர் ஓடும்!

"கொஞ்சம் இப்பிடி வாம்மா." ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனார். "லஞ்ச் டைம்ல... உன் ரெக்கார்டிங் மெஷின் ஓடிட்டிருந்துச்சா?"

எழிலரசி சட்டென்று நிமிர்ந்தாள்.

இங்கே வசனம் எல்லாவற்றையும் கடைசியில் ஸ்டூடியோவில் டப்பிங் பேசிக்கொள்வதுதான் பழக்கம். அதனால் ஸ்பாட்டில் சவுண்ட் ஆளும் ஒன்று, மடக்கு நாற்காலியும் ஒன்று. நாற்காலியிலாவது யாராவது உட்காருவார்கள்! பத்தொன்பது நாளாக 'சவுண்ட் ஓகேவா?' என்று கேட்காத மனிதர்... இன்றைக்குக் கேட்கிறார். அதுவும் சாப்பாட்டு நேரத்துச் சத்தத்தை!

"ஓடுச்சு சார்," என்றாள் மெதுவாக. "நான் பின்பக்கம் தனியாத்தானே சாப்பிடுவேன்? மெஷினை இங்கயே வெச்சிட்டுப் போய்டுவேன். எல்லாரும் போனப்புறம் வெறும் இடத்தோட சத்தத்தைப் பதியணும். எங்க வேலையில அது வழக்கம்."

பூவரசன் முகம் வெளிறியது.

"அதை அழிச்சிடும்மா. போலீஸ் வந்தா மெஷினைத் தூக்கிட்டுப் போய்டுவாங்க, ஷூட்டிங் நின்னுடும். நான் உன்னைக் கவனிச்சுக்கறேன். தனி டைட்டில் கார்டு. ஸ்க்ரீன் முழுக்க... உன் பேர் மட்டும்!"

ஸ்க்ரீன் முழுக்க!

கண்ணை மூடினாள். கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து. அவள் பெயர். இவ்வளவு பாசமாக 'எழில்மா' என்று யாராவது கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று!

வாசலில் ஜீப் சத்தம்.

*

இன்ஸ்பெக்டர் கோபி உள்ளே நுழைந்தார். மூர்த்தி விரலை நீட்டினார்.

"இவன்தான் சார்! கவுஸ் பாஷா. இவன்தான் டிரம்மைச் சுத்தி விட்டான். உள்ளூர் ஆள், ஏதாவது பகை இருக்கும்."

"நான் இல்ல சாப்... குரான் மேல சத்தியம்..."

இரண்டு கான்ஸ்டபிள்கள் பாயின் தோளைப் பிடித்தார்கள். யூனிட் மொத்தமும் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தது. பூவரசன் எழிலரசியைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

அவள் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். பாயின் வெளுத்த முகத்தைப் பார்த்தாள்.

போனால் போகட்டும் டைட்டில் கார்டு!

"இன்ஸ்பெக்டர் சார்! அவரை விடுங்க. சாப்பாட்டு நேரத்துல இங்க நடந்தது பூரா என் மெஷின்ல இருக்கு."

மூர்த்தி என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். எழிலரசி ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார்.

"இன்னா இருக்கு?" என்றார் கோபி.

"தன்சீல் சார் அலறுறாரு சார். 'விடுங்க பூவரசன் சார், விடுங்க'ன்னு பெருசா கத்துறாரு."

"பொய்!" பூவரசன் துள்ளினார். "அவன் கத்தவே இல்ல! பின்னந்தலையில ஒரே அடி, சத்தமே..."

நிறுத்தினார்.

தெருக்கோடி பிரியாணிக் கடையில் அரிசி வேகிற சத்தம் கேட்டது!

"மேல சொல்லுங்க சார்," என்றார் கோபி குளிர்ச்சியாக. "சத்தமே...?"

பூவரசன் தொப்பென்று தரையில் உட்கார்ந்தார்.

"லிஸ்ட்டுல பதிமூணு பேர் இல்லவே இல்லன்னு ரிப்போர்ட் அனுப்பப் போறேன்னான். சீரிஸை நிறுத்திடுவாங்க. என் பேரே நாறிடும்... மயங்கினவனை டிரம்முல போட்டேன். சுத்துனதும் விபத்துன்னு நெனைப்பாங்கன்னு..."

க்ளிக்! விலங்கு விழுந்தது. பாயின் தோளிலிருந்து கைகள் விலகின.

கோபி கையை நீட்டினார்.

"பலே பொண்ணும்மா நீ! அந்த ரெக்கார்டிங்கைக் குடு."

"இல்லீங்க சார்."

"இல்லன்னா?"

"பதியவே இல்ல சார். மெஷின்ல மெமரி கார்டே கிடையாது. மொத நாள்லருந்து கேட்டுட்டிருக்கேன். 'எப்பிடியும் டப்பிங்தானே, லிஸ்ட்டுக்காக நீ சும்மா நின்னா போதும்'னு மூர்த்தி சார் வாங்கியே தரல. மைக்ல வர்றது ஹெட்போன்ல கேக்கும். அவ்ளோதான்."

பூவரசன் கண்கள் வெளியே வந்து விழப் பார்த்தன!

"கார்டே... இல்லியா?"

"நீங்க ஒரு நாளும் கேக்கலையே சார்!"

கோபி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"அப்ப பத்தொம்பது நாளா அதை மாட்டிக்கிட்டு இன்னாதான்மா பண்ணே?"

"என்கிட்ட யாரும் பேசல சார். அவங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கறதையாவது கேட்டுட்டு இருந்தேன்."

யூனிட்டில் செல்போன்கள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன.

கோபி நோட்டை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

"சரி... புகார் எழுதணும். பேர் சொல்லு, வேலை சொல்லு."

"எழிலரசி. ஒலிப்பதிவாளர்." கொஞ்சம் தயங்கினாள். "சார்... பேரைக் கொஞ்சம் பெரிய எழுத்துல போடுவீங்களா? சீரிஸ்தான் படுத்துடுச்சே... இனிமே இதுலதான் வரும்."

"பேஷா போட்டுடலாம்!" என்றார் கோபி. "உங்க சீரிஸை எத்தினி பேர் பாத்திருப்பாங்களோ தெரியாது... இதை உங்க டைரக்டரோட வக்கீல் ஒரு வரி விடாம படிப்பாரும்மா!"