ஏழாம் அறையின் காற்று

நிலவுக்குடியில் கதவைத் திறக்குமுன் யாரும் யோசிப்பதில்லை. மேலே பச்சை விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் காற்று உண்டு, சிவப்பென்றால் இல்லை. எந்த அறையில் எவ்வளவு காற்று என்று குறித்து வைக்கும் காற்றுப் பதிவகத்தை ஆயிரம் கதவுகளும் நேராகக் கேட்டால் அது திணறிவிடும் என்று நடுவில் ஒரு விடையறையை வைத்திருந்தார்கள். ஒருமுறை கேட்ட விடையைச் சேமித்து வைத்து அதையே திருப்பிச் சொல்லும். பதிவகத்தில் ஏதாவது மாறினால் மணியடித்து விடையறையைப் புதிதாகக் கேட்க வைக்க ஒரு மாற்றங்காணி. அது சரியான சோம்பேறி. எல்லா அறைகளின் காற்றையும் கூட்டிப் பார்க்கும். மொத்தம் மாறாவிட்டால் தூங்கப் போய்விடும்.

அன்று ஏழாம் அறைச் சுவரில் விரிசல். காற்றை வீணாக்குவது அந்த ஊரில் பெருங்குற்றம் என்பதால், காற்றுப் பொறியாளர் இளவேனில் ஏழாம் அறைக் காற்றைச் சிந்தாமல் எட்டாம் அறைக்கு இறைத்து முடித்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். ஏழாம் அறைக்கு இன்னும் பச்சை. மொத்தம் மாறவில்லையே!

அவள் கணவன் கோவேந்தன் சுரங்க வேலை முடிந்து அந்த வழியாகத்தான் வருவான். சுரங்கப் பாதையில் பேசுகருவி எடுபடாது. மொத்தத்தை மாற்றினால்தான் அவன் பிழைப்பான். தன் அறையின் வெளிக்குழாயைத் திறந்தாள். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது, மணி அடித்தது, ஏழாம் அறை சிவந்தது. அவள் குழாயை மூடிவிட்டு வாய்விட்டு அழுதாள்.

காற்றுக் காவலர் தேவசகாயம் ஓடிவந்தார். முதல் வேலையாகக் குழாயைப் பூட்டினார். அவள் நடந்ததைச் சொல்லி முடித்ததும் நல்ல மனிதருக்கு மனம் இளகிவிட்டது.

“உம்மேல கேஸ் எழுத மனசு வரலம்மா. நீ விட்ட காத்த சேமத்தொட்டியிலேர்ந்து அப்படியே நிரப்பச் சொல்லிட்டேன். ஒரு மூச்சு கூடக் குறையாது.”

இளவேனில் எழுந்து நின்றாள். விடையறை ஒவ்வொரு மொத்தத்துக்கும் உரிய விடைகளைத் தனித்தனியாக வைத்திருக்கும். பழைய மொத்தம் திரும்பி வந்தால் பழைய விடையையே எடுத்து நீட்டும். எதையும் வீணாக்காதே என்று அதற்கும் இவர்கள்தான் கற்றுக் கொடுத்திருந்தார்கள்.

“நிறுத்தச் சொல்லுங்க சார். சாவியக் குடுங்க.”

“நிரப்பி முடிச்சாச்சும்மா, பயப்படாத,” என்றார் அவர்.

திரையில் ஏழாம் அறை பச்சையானது. சுரங்கப் பக்கம் காத்திருந்த ஒருவர் கதவைத் திறக்கிறார் என்று அதன் கீழே எழுத்து ஓடியது.