கட்டிப் பார்த்த கை

வீட்டு எண்ணைச் சரிபார்த்து அவன் அழைப்புமணியை அழுத்தியபோது பிற்பகல் மூன்று மணி. மணி ஒலிக்கவில்லை. மறுபடி அழுத்தக் கையை உயர்த்துவதற்குள் கதவு திறந்துகொண்டது.

“வாங்க தம்பி. அந்த மணி வேலை செய்யாது. நாளைக்குப் பாக்கறேன், நாளைக்குப் பாக்கறேன்னு ஒரு வருஷம் ஓட்டிட்டாரு,” என்றார் டீச்சர். சொல்லி முடித்தவர், இனி அந்த நாளை வரப்போவதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தவர்போலத் தாழ்ப்பாளையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவன் கைக்கடிகாரங்களும் கைபேசிகளும் பழுதுபார்ப்பவன். நெற்றியில் எந்நேரமும் ஓர் உருப்பெருக்கி ஏறியிருப்பதால் கடைத்தெருவில் அவனுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வீடு தேடிச் சென்று வேலை செய்யும் வழக்கம் அவனுக்கு இல்லை. ஆனால் டீச்சர் மூன்று முறை அழைத்துவிட்டார். ஆறு நாள்களுக்கு முன் இறந்துபோன கணவரின் ஸ்மார்ட் வாட்ச் சார்ஜ் ஏறவில்லை. அதை இருக்கும் இடத்தைவிட்டு எடுக்கவும் மனம் வரவில்லை. தொலைபேசியில் அவ்வளவுதான் சொன்னார்.

கிளம்பும்போது அவனுடைய மனைவி சிரித்தாள். “போங்க, அதையும் ஒரு தடவ கையில கட்டிப் பாத்துட்டு வாங்க. ஊர்ல இருக்கிற கடிகாரம் எல்லாம் உங்க கையிலதானே குடித்தனம் பண்ணுது.”

அவள் கேலி செய்தது அவனுடைய தொழில் ஒழுங்கை. பழுது நீங்கிவிட்டதா என்பதை மேசைமேல் வைத்துத் தீர்மானிக்கக் கூடாது என்பது அவன் கொள்கை. தன் இடக்கையில் கட்டி, ஒரு நிமிடம் பொறுத்து, கழற்றிப் பார்க்காத எந்தக் கடிகாரத்தையும் பதினான்கு ஆண்டுகளில் அவன் எவரிடமும் திருப்பிக் கொடுத்ததில்லை.

கூடத்தைக் கடந்து உள்ளறைக்கு அழைத்துச் சென்றார் டீச்சர். சன்னல் சாத்தியிருந்தது. வலிநிவாரணத் தைலத்தின் வாசனையும், அதன் அடியில் ஈரத்துணி நெடுநேரம் சுருண்டு கிடந்ததுபோன்ற இன்னொரு வாசனையும் இருந்தன. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஆயினும் காற்று அசையவில்லை.

சுவரோரம் ஒரு சாய்வு நாற்காலி. அதன் இடப்புறக் கைப்பிடியின்மேல் கடிகாரம் இருந்தது.

அவனுக்கு முதலில் பிடிபடாத ஒன்று இருந்தது. குனிந்து பார்த்தபின்தான் விளங்கிற்று. கடிகாரத்தின் பட்டை மெல்லிய ரப்பர். கழற்றிப் போட்டால் துவண்டு விழ வேண்டும். இதுவோ நான்காவது துளையில் மாட்டப்பட்டு, சற்றும் சரியாமல், வட்டமாக நின்றது.

“நீங்க மாட்டி வெச்சீங்களா டீச்சர்?”

“இல்ல. அன்னிக்கு மொட்டை மாடியிலேருந்து துணி எடுத்துட்டு வந்தேன். இந்த நாற்காலியிலதான் அவரு இருந்தாரு. போயிட்டாரு. கடிகாரம் இங்கேயே, இப்படியேதான் இருந்துச்சு.” குரலைத் தாழ்த்தினார். “பூட்டின பட்டையிலேருந்து கை எப்படிப்பா வெளிய வரும்?”

அவன் பையைத் திறந்து கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். ஒழுங்காக அடுக்கிய கருவிகள் எப்போதும் அவனுக்குத் தைரியம் தரும்.

“ஒரு குரல் பதிவு இருக்குது தம்பி. நாப்பத்திரெண்டு செகண்டு. அன்னிக்கு மூணே முக்காலுக்குப் பதிஞ்சது. இதுல ஸ்பீக்கர் கிடையாது, ஃபோனுக்கு மாத்தினாத்தான் கேக்கும். மாத்தறதுக்குப் பத்து சதவீதம் சார்ஜ் வேணுங்குது.” டீச்சர் முந்தானையை விரலில் சுற்றினார். “காலையில சண்டை போட்டோம். எப்பப் பாத்தாலும் மணிக்கட்டையே பாத்துட்டு உக்காந்திருக்கீங்களேன்னு கத்திட்டேன். நான் மாடியில இருக்கறப்ப என்னைக் கூப்பிட்டாரோ என்னமோ. அது தெரியாம எனக்குத் தூக்கம் வராது.”

திரையில் மூன்று சதவீதம் என்றிருந்தது. மாற்றப்படாத பதிவுகள் அந்த வகைக் கடிகாரத்தின் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். மின்கலம் முற்றிலும் தீர்ந்தால் அழிந்துவிடும். இதை அவன் அவரிடம் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கே தெரியும் என்று தோன்றியது.

வேலையைத் தொடங்கினான். டீச்சரின் சார்ஜரைத் தன் பையிலிருந்த வேறொரு கடிகாரத்தில் வைத்துச் சோதித்தான், நன்றாக இருந்தது. தான் கொண்டுவந்த சார்ஜரை மாற்றிப் பார்த்தான், ஏறவில்லை. கைப்பிடியின்மேல் இருந்த நிலையிலேயே பின்புறத் தொடுமுனைகளை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்தான். துரு இல்லை, அழுக்கு இல்லை. மறுபடி சார்ஜரை ஒட்டினான். திரையில் ஒரு வரி தோன்றி மறைந்தது.

கையில் கட்டியிருக்கும்போது சார்ஜ் ஏறாது. கழற்றி வைக்கவும்.

அவன் அந்த வரியை இரண்டு முறை படித்தான்.

“பழுது சின்னதுதான் டீச்சர். தோல் சூடாகக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் வெச்ச பாதுகாப்பு. யாரோ கட்டியிருக்காங்கன்னு சென்சார் தப்பா நினைக்குது.”

“துடிப்பு காட்டுது தம்பி.”

விரலால் திரையைத் தள்ளினான். பச்சை எழுத்தில் 58.

“சென்சார் வெளிச்சம் துணியில பட்டுத் திரும்பி வந்தாக்கூட அப்படிக் காட்டும். தலையணை, டவல் எல்லாத்துக்கும் துடிப்பு காட்டுற கடிகாரம் நான் பாத்திருக்கேன்.”

“நான் கைய நீட்டினா ஏறுது.”

டீச்சர் தம் கையை மெல்ல நீட்டினார். ஐம்பத்தெட்டு அறுபதாயிற்று. அறுபத்துநான்காயிற்று. கையைப் பின்னுக்கு இழுத்ததும் ஐம்பத்தெட்டுக்குத் திரும்பியது. அவர் கண்கள் நிறைந்திருந்தன. “அவருக்கு நான்னு தெரியுது. நானே எடுத்துக் கட்டிக்கலாம்னு நேத்துகூட நினைச்சேன். என்னமோ கை வரல.”

அவன் கறுப்பு நாடாவில் ஒரு துண்டு வெட்டி, பட்டைக்குள் விரலை நுழைத்து, சென்சாரின்மேல் ஒட்டினான். ஒளி வெளியேற வழியில்லை. இனித் துடிப்பு காட்டக் கூடாது.

58.

நாடாவின்மேல் இன்னொரு நாடா ஒட்டினான்.

58.

பட்டைக்குள் இருந்த விரலை வெளியே எடுத்தான். அந்த வெற்றிடம் குளிர்ந்திருந்தது. அறையின் குளிர்ச்சி அன்று.

“சாருக்குத் துடிப்பு எப்பவும் இவ்வளவுதானா?” என்று கேட்டான். ஏதாவது பேச வேண்டியிருந்தது.

“ஐயோ, இல்ல. அவருக்கு ஒழுங்கில்லாத துடிப்பு. எழுபது, நூறு, எண்பதுன்னு குதிக்கும். அதுக்குத்தான் டாக்டர் இதைக் கட்டச் சொன்னாரு. கடைசி ரெண்டு வாரம்தான் சொல்லி வெச்ச மாதிரி அம்பத்தெட்டு. கோடு போட்ட மாதிரி ஓடுது, அருமையா இருக்குன்னு டாக்டரே மாத்திரையப் பாதியாக் குறைச்சாரு.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். தாம் சொன்னது என்னவென்று டீச்சர் அறிந்திருக்கவில்லை.

திரையில் இரண்டு சதவீதம்.

இப்படிப்பட்ட கோளாறுக்குக் கடையில் அவன் கையாளும் வழி ஒன்றுண்டு. தன் கையில் கட்டி, உண்மையான தோலையும் உண்மையான துடிப்பையும் சென்சாருக்குக் காட்டி, பிறகு கழற்றுவது. கழற்றப்பட்டதை அது அப்போது உணர்ந்துகொள்ளும். நூற்றுக்கு நூறு பலித்த வழி. அதை இங்கே செய்வதற்கு ஏன் தயங்குகிறோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டான். தயக்கத்துக்குக் காரணம் சொல்ல முடியாதபோது வேலையைச் செய்துவிட வேண்டும் என்பதும் அவன் கொள்கைகளுள் ஒன்று.

நாடாக்களை உரித்தான். பட்டையின் கொக்கி எளிதில் விடவில்லை. நகத்தால் நெம்பிக் கழற்றியபோது, பிடித்துக்கொண்டிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்ததுபோல் இருந்தது.

இடக்கையில் வைத்தான்.

எண் ஏறியது. அறுபது. எழுபது. எண்பத்தொன்று.

அவன் மணிக்கட்டு பருத்தது. வழக்கமாக ஆறாவது துளையில்தான் எந்தப் பட்டையும் பொருந்தும். இது நான்காவது துளையில் பொருந்தியது.

எண் இறங்கியது. 58.

அவனுடைய நெஞ்சு காதுவரை அடித்துக்கொண்டிருந்தது. நூற்றுக்குக் குறையாது. திரை அசையாமல் ஐம்பத்தெட்டைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஒரு சதவீதம்.

ஒரு நிமிடம் பொறுக்கவில்லை. பிடுங்குவதுபோல் கழற்றிச் சார்ஜரின்மேல் வைத்தான். பட்டை துவண்டு விழுந்தது. துடிப்பு இருந்த இடத்தில் இரண்டு சிறு கோடுகள். அடுத்த நொடி, சார்ஜ் ஏறுவதற்கான மின்னல் குறி தோன்றியது.

“ஏறுது,” என்றார் டீச்சர். கையை நீட்டினார். கோடுகள் கோடுகளாகவே இருந்தன. “இப்ப என்னைத் தெரியலையே தம்பி.”

அவன் இடக்கையைச் சட்டையில் தேய்த்துக்கொண்டான்.

பத்து சதவீதத்தைத் தொட இருபது நிமிடம் ஆயிற்று. டீச்சர் ஒருமுறை எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவன் வலக்கையால் வாங்கிக் குடித்தான். பதிவு கைபேசிக்கு மாறியது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு திரையைத் தொட்டார்.

முதலில் மூச்சு. ஏறி இறங்கும், தடுமாறும் மூச்சு. பிறகு குரல்.

“ஏம்மா... நீ மாடியிலேயே இரு, பதறிட்டு ஓடி வராத. உன்மேல எனக்குக் கோவம் எதுவும் இல்ல. டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடு, இந்த அம்பத்தெட்டு என்னோடது இல்ல. யாரோ மணிக்கட்டைப் புடிச்சுக்கிட்டே இருக்காங்க. கழட்டி வெச்சாலும் விட மாட்டேங்குது. இப்ப கொஞ்சம் விட்ட மாதிரி இருக்குது, அதான் பேசறேன்...” நீண்ட இடைவெளி. மூச்சு மெலிந்தது. “நான் போனப்புறம் இதை நீ எடுத்துக் கட்டிப் பாத்துடாத. யாரும் கட்டக் கூடாது. அது இன்னொரு கைக்காகத்தான்...”

பதிவு முடிந்தது.

டீச்சர் நெடுநேரம் அழுதார். ஆறு நாள்களாக நின்றிருந்த அழுகை அது என்பது அவனுக்குப் புரிந்தது. பிறகு அழுகை சட்டென்று நின்றது. அவர் மெல்லத் தலையைத் திருப்பினார்.

“தம்பி, நீங்க எந்தக் கையில கட்டினீங்க?”

“இடது.”

“அவரும் இடதுதான்.”

வெளியே நல்ல வெயில். பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து, வலக்கை விரல்களை இட மணிக்கட்டில் வைத்து, ஓட்டுநருக்கு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினான். ஐம்பத்தெட்டு. பதற்றம் தணிந்துவிட்டது என்று ஆறுதல் கொண்டான். பிறகு கழுத்தில் விரலை வைத்து எண்ணினான்.

நூற்றுப்பன்னிரண்டு.

வீட்டில் பையை வாங்க வந்த மனைவி அவன் இடக்கையைத் தொட்டுவிட்டு விரலை எடுத்துக்கொண்டாள். “என்னங்க, கை ஐஸ் மாதிரி இருக்கு? அந்தக் கடிகாரத்தையும் கட்டிப் பாத்தாச்சா?”

“பாத்தாச்சு.”

“சரியாயிடுச்சா?”

“அது சரியாயிடுச்சு.”

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் டீச்சர் அழைத்தார். “நூறு சதவீதம் ஏறிடுச்சு தம்பி. துடிப்பு எதுவும் காட்டல. வெறும் கடிகாரமாத்தான் இருக்குது. ராத்திரி நல்லாத் தூங்கினேன்.” தயங்கினார். “உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?”

அவன் தன்னுடைய ஸ்மார்ட் வாட்சைப் பார்த்தான். கடை மூடும்போது கழற்றிக் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் சார்ஜரின்மேல் வைக்கும் வழக்கமான இடத்தில்தான் வைத்திருந்தான். ரப்பர் பட்டை வட்டமாக நின்றது. அவன் என்றும் பயன்படுத்தாத நான்காவது துளையில் மாட்டியிருந்தது.

திரையில் பச்சை எழுத்தில் 58, அதன்மேல் ஒரு வரி. கையில் கட்டியிருக்கும்போது சார்ஜ் ஏறாது.

“ஒண்ணும் இல்ல டீச்சர்,” என்றான்.

மறுமுனையில் அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவன் கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல், மிக மெதுவாக, வலக்கையைக் கடிகாரத்தின் பக்கம் நீட்டிப் பார்த்தான்.

எண் ஏறத் தொடங்கியது.