ரூம் பதினாலு, மூன்றாம் கட்டில்

நான் ரங்கநாதன். ஒரகடம் பக்கம் வடக்குப்பட்டில், கம்பெனி வேலைக்குப் போகும் பெண்களின் ஹாஸ்டல் ஒன்றுக்கு வாட்ச்மேன். அறுபத்தெட்டு வயதில் பேய் பார்த்தேன் என்றால் கண்புரை என்பார்கள். சொல்லட்டும்.

ஒரகடத்தில் பேய்க்குப் பிழைப்பு கஷ்டம். எல்லா ஹாஸ்டலும் ஒரே மாதிரி, எல்லாப் பெண்களுக்கும் ஒரே நீலச் சட்டை, ஒரே மாஸ்க். ஆளைத் தேடி வரும் பேய், வரிசையாக நிற்கும் கம்பெனி பஸ்களைப் பார்த்ததுமே களைத்துத் திரும்பிவிடும்.

சுகப்பிரியா தென்காசிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து ஒளிந்ததும் அதனால்தான். கட்டினால் அவளைத்தான், இல்லாவிட்டால் வெட்டுவேன் என்று நின்ற மாமன் மகன் சுடலைக்கண்ணுக்கு விலாசம் தெரியக் கூடாது. சிம்மை மாற்றினாள். எதிலும் படம் போடவில்லை. போன ஆடியில் அவளைத் தேடி பைக்கில் கிளம்பியவன் திண்டிவனத்தில் லாரிக்கு அடியில் போனான் என்று செய்தி வந்தது. இரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் அந்தப் பெண் ஒழுங்காகத் தூங்கினாள்.

பிறகு மெஷின் வந்தது. இனி ஹாஸ்டலில் நெட் பார்க்க அரசாங்க அடையாள எண்ணும் விரல் ரேகையும் கட்டாயமாம். பேர், படம், ரூம், கட்டில் நம்பர் எல்லாம் எங்கேயோ போய்ச் சேருமாம்.

"எங்க போய்ச் சேரும்?" என்று வார்டன் இந்திராணியைக் கேட்டேன்.

"அத்த கேக்காத பெருசு. எனுக்கே தெரியாது."

ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து சுகப்பிரியா வந்தாள். எட்டு மணி நேரம் நின்ற கால். அம்மாவோடு வீடியோவில் பேச வேண்டும். மெஷினைப் பார்த்து யோசித்தாள்.

"செத்தவன் என்ன செய்யப் போறான், தாத்தா?"

விரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

மணி மூன்று. கொளுத்தும் வெயில். கேட்டருகே படுத்திருந்த நாய் எழுந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. டீசலும் ஈரத் துணியும் கலந்த நாற்றம் வந்தது.

கேட்டுக்கு வெளியே ஒருவன். ஹெல்மெட் போட்டிருந்தான்.

நிழல் விழவில்லை.

எனக்கு இருபது வருட சர்வீஸ். விசிட்டர் நோட்டை நீட்டினேன். "பேரு எய்து. யாரப் பாக்கணும்?"

"அத்த மவள."

குரல் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வரவில்லை. என் முதுகுப் பக்கமிருந்து வந்தது.

போனைக் காட்டினான். நொறுங்கிய திரையில் அவள் படம், பேர், ரூம் பதினாலு, மூன்றாம் கட்டில்.

"ஐடி ப்ரூஃப் கீதா?" என்றேன்.

"செத்ததும் ரத்து பண்ணிட்டாவ."

"ஐடி இல்லாம உள்ள வுட மாட்டேன், தம்பி. ரூல்ஸ்."

பேயும் ஒரு நிமிடம் நின்றது. பிறகு ஓர் அடி உள்ளே வைத்தது.

கேட் பூட்டியபடியே இருந்தது.

ஓடினேன். பதினாலாம் ரூமில் சுகப்பிரியா போனைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தாத்தா, அம்ம மொகம் வரமாட்டுக்கு," என்று கிசுகிசுத்தாள். "ஹெல்மெட்டுதான் தெரியுது."

"அந்தப் பொண்ணு பேர அழி!" என்று மெஷினருகே நின்ற இந்திராணியிடம் ஓடிப்போய்க் கத்தினேன்.

"அழிக்கிற பட்டனே கெடையாது பெருசு. அந்தக் கட்டிலுக்கு வேற ஆளு வெரலு வச்சா பேரு மாறும். அவ்ளோதான். இன்னாத்துக்கு இப்டி வேர்க்குது உனுக்கு?"

யார் விரலை வைப்பது? மற்றதெல்லாம் சின்னப் பெண்கள். என் விரலை வைத்தேன். ரூம் பதினாலு, மூன்றாம் கட்டில், ரங்கநாதன்.

திரும்பி வந்தபோது அவன் மாடிப்படியின் கீழே நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஹெல்மெட் மெல்ல என் பக்கம் திரும்பியது.

"நீரா?"

"நான்தான்."

இப்போது சுகப்பிரியா நன்றாகத் தூங்குகிறாள். அம்மாவோடும் பேசுகிறாள், என் பேரில். அரசாங்கப் பதிவின்படி பெண்கள் ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு நாள் முழுக்க மருதாணி டிசைன் பார்க்கும் கிழவன் நான். அதற்கு யார் எப்போது வந்து கேட்பார்களோ தெரியாது. கேட்டால் பதில் சொல்லவும் தெம்பில்லை.

அவனும் களைத்திருக்க வேண்டும். எனக்கு எதிரே போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி சாயங்காலமானால் ஈரமாக இருக்கிறது.

நோட்டில் தினமும் ஒரு வரி சேர்கிறது. என் கையெழுத்தில்லை. பேர்: சுடலைக்கண்ணு. யாரைப் பார்க்க: ரங்கநாதன். வந்த நேரம்: மூன்று மணி.

போன நேரம் என்ற கட்டத்தில் மட்டும் ஒரு நாளும் ஒன்றும் எழுதியிருப்பதில்லை.