கணினி என்ன சாப்பிட்டது?

மிளகின் அம்மாவுக்கு யாரிடமும் "வேண்டாம்" என்று சொல்ல வராது.

வாசலில் துடைப்பம் விற்பவர் வந்து நின்றால், வீட்டில் ஏற்கெனவே நான்கு இருந்தாலும் ஐந்தாவதை வாங்கிவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரர், "எங்க பூனைய ரெண்டு நாள் பாத்துக்கறீங்களா?" என்று கேட்டால் உடனே தலையாட்டுவாள். பூனை என்றால் அம்மாவுக்குத் தும்மல் வரும். இரண்டு நாளும் தும்மிக்கொண்டே அதற்குப் பால் வைப்பாள்.

"கேட்ட வாய் வாடிப்போகக் கூடாதுடி" என்பாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

மிளகுக்குப் பத்து வயது. ஆள் சின்னவள், பேச்சில் காரம். அதனால் சித்தப்பா வைத்த பெயர் அது. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. வீட்டில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

அம்மாவின் வேலை கதை படிப்பது. பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றின் நூலகத்துக்காக, புத்தகங்களைச் சத்தமாகப் படித்துப் பதிவு செய்து அனுப்புவாள். இந்த மாதம் முழுக்க, காணாமல் போன கப்பல் ஒன்றைப் பற்றிய நீண்ட கதையைப் படித்துக்கொண்டிருந்தாள். மொத்தம் பன்னிரண்டு அத்தியாயங்கள். பதினொன்று முடிந்து கணினியில் பத்திரமாக இருந்தன. கடைசி ஒன்றுதான் பாக்கி.

மறுநாள் காலையில் அந்தப் பள்ளிக்கு விடுமுறை தொடங்குகிறது. பிள்ளைகள் ஊருக்குப் போகும்போது கதையையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். நாற்பது சின்னக் கருவிகளில் அதை ஏற்றித் தர வேண்டியவர் நூலகர் அக்கா.

"ஆறு மணிக்குள்ள அனுப்பிடுவீங்கல்ல? பசங்க தினமும் கேட்டுத் துளைக்கிறாங்க" என்று காலையிலேயே அவர் ஃபோன் செய்திருந்தார்.

"கண்டிப்பா" என்று அம்மா சொல்லியிருந்தாள்.

மதியம் இரண்டு மணி. எதிரொலி வராமலிருக்க அலமாரியின் இரண்டு கதவுகளையும் திறந்து, அவற்றின் மேல் போர்வையைத் தொங்கவிட்டு, நடுவில் முக்காலி போட்டு அம்மா உட்கார்ந்தாள். மைக்கின் முன் ஒரு பக்கம் படித்தாள். பிறகு அதைப் போட்டுக் கேட்டாள்.

"கப்... கப்... பல் திரு... ரு... ரும்பி வ..." என்றது கணினி. அப்புறம் அதுவும் இல்லை.

மிளகு சிரித்துவிட்டாள். "அம்மா, கப்பலுக்கு விக்கல்!"

அம்மா சிரிக்கவில்லை. மறுபடியும் படித்தாள். மறுபடியும் விக்கல். மவுஸை அசைத்தால், திரையில் அம்புக்குறி யோசித்து யோசித்து நகர்ந்தது. ஒரு பக்கம் திறக்க நான்கு நிமிடம் ஆனது. கணினிக்குள்ளிருந்த மின்விசிறி, மாடிப்படி ஏறி வந்த பெரியவரைப்போல மூச்சு வாங்கியது.

"மணி ரெண்டேகால்..." என்றாள் அம்மா. அவள் குரல் மிகச் சின்னதாக இருந்தது. மிளகின் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த நேரம் சித்தப்பா உள்ளே வந்தார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவர். அன்று அவருக்கு அரை நாள் வேலை. தெருவில் பாதிப் பேர் அவர் பொருத்திய கண்ணாடியில்தான் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அண்ணி, முகம் இப்படி இருக்கு?"

"கணினி நகர மாட்டேங்குது தம்பி. ஆறு மணிக்குள்ள அனுப்பணும்."

"இவ்வளவுதானா? தள்ளுங்க, நான் பாக்கறேன்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார்.

அவர் உட்கார்ந்ததும், காத்திருந்ததுபோலத் திரையின் நடுவில் ஒரு சிவப்புப் பெட்டி எழும்பியது. 'பளிச்' என்று அதன் பெயர். 'உங்கள் கணினியில் 1,846 குறைகள்! உடனே துடைக்கவும்!' என்றது. கீழே பெரிய பச்சைப் பொத்தான்.

"பாத்தீங்களா! ஆயிரத்து எண்ணூத்துச் சொச்சம் குப்பை. அப்புறம் எப்படி ஓடும்?" என்றார் சித்தப்பா.

மிளகு புருவத்தைச் சுருக்கினாள். "சித்தப்பா, நேத்தும் இதே பெட்டி வந்துச்சு. ஆயிரத்து இருநூறுன்னு சொல்லுச்சு. அம்மா எல்லாத்தையும் துடைச்சாங்க. ராத்திரி முழுக்கக் கணினி அணைஞ்சுதான் இருந்துச்சு. அப்புறம் எப்படிக் குறை ஏறுச்சு?"

"அது... தூசி மாதிரிடி. தானா சேரும்."

"மூடி வெச்ச டப்பாவுக்குள்ளயா?"

சித்தப்பா அம்புக்குறியைப் பச்சைப் பொத்தானை நோக்கித் தள்ளினார். அது நத்தை வேகத்தில் போனது. அது போய்ச் சேருவதற்குள், பொத்தானுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக இருந்த வரியை மிளகு படித்துவிட்டாள். 'பயன்படுத்தாத பெரிய கோப்புகள் உட்பட.' நேற்று வந்த பெட்டியில் அந்த வரி இல்லை.

"சித்தப்பா, கைய எடுங்க!"

அவள் போட்ட சத்தத்தில் சித்தப்பா கையைச் சூடு பட்டதுபோல இழுத்துக்கொண்டார். மிளகு அந்தச் சாம்பல் வரியை அழுத்தினாள். ஒரு பட்டியல் மெதுவாக விரிந்தது.

கப்பல் 1. கப்பல் 2. கப்பல் 3...

கப்பல் 11 வரைக்கும் இருந்தது.

மூச்சுவாங்கும் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு மாசம்..." என்றாள். "தொண்டை கட்டினப்பகூட வெந்நீர் குடிச்சுக் குடிச்சுப் படிச்சேன். வேற எங்கயும் நகல்கூட இல்லையே."

"அண்ணி, சத்தியமா நான் கவனிக்கல" என்றார் சித்தப்பா. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுறீங்க, நீங்க ஒண்ணு மாட்டிக்கக் கூடாதா?" என்றாள் மிளகு.

அவள் பெட்டியை மூடினாள். ஓடிப்போய்ப் பள்ளிப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து வந்தாள். அதில் வண்ணத்துப்பூச்சி பற்றிய அவளுடைய பாடப் படங்கள் இருந்தன. இடம் நிறைய மிச்சமிருந்தது.

"முதல்ல கப்பலக் கரை சேப்போம். மத்ததெல்லாம் அப்புறம்."

பதினொரு கோப்புகளும் நகலாக அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அம்மா ஒவ்வொன்றையும் விரல்விட்டு எண்ணினாள். பதினொன்று என்றதும் பென் டிரைவை உருவித் தன் புடவை முந்தானையில் முடிந்துகொண்டாள். அதற்குப் பிறகுதான் அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது.

"இப்ப சரிபண்ணலாம். இந்தப் பளிச்சவிட நல்லதா இன்னொண்ணு இருக்காம். கடையில ஒருத்தர் சொன்னார். போட்டுடலாமா?" என்றார் சித்தப்பா.

"ஐயோ, வேண்டாம் சித்தப்பா! எனக்கு வயிறு வலிச்சா அம்மா என்ன பண்ணுவாங்க?"

"மருந்து கொடுப்பாங்க."

"அதுக்கு முன்னாடி?"

அம்மா நிமிர்ந்தாள். "நேத்து என்ன சாப்பிட்டேன்னு கேப்பேன்."

"அதேதான். இதுவும் நல்லா இருந்த கணினிதான? என்ன சாப்பிட்டுச்சுன்னு பாப்போம்."

அமைப்புகளுக்குள் போனால், கணினியில் என்னென்ன நிறுவப்பட்டிருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். மிளகு அதைத் திறந்து தேதிப்படி அடுக்கினாள். பழையவையெல்லாம் கீழே போயின. மேலே நான்கு பெயர்கள் மட்டும் புத்தம் புதிதாக வந்து நின்றன.

"பதினோரு நாளுக்கு முன்னாடி பளிச். அதே நாள், அதே மணி, 'மின்னல் வேகம்'. அதே நாள் 'இரும்புக் கதவு'. மறுநாள் 'ஆயிரம் கண்'. அம்மா, அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

அம்மா யோசித்தாள். "அன்னைக்குச் சாயங்காலம் கணினி புதுப்பிச்சுக்கிட்டு இருந்துச்சு. கொஞ்சம் மெதுவா இருந்துது. அப்ப ஒரு பெட்டி வந்து 'உதவட்டுமா?'ன்னு கேட்டுச்சு. நான் 'சரி'ன்னு அழுத்தினேன். இன்னும் ரெண்டு பெட்டி கேட்டுச்சு. அதுக்கும்..."

"சரின்னு அழுத்தினீங்க."

"பாவம், மரியாதையா கேட்டுச்சுடி!"

"ஆயிரம் கண்ண யாரு போட்டது?"

சித்தப்பா கூரையைப் பார்த்தார். "ஒரு காவலாளி இருக்கறதுக்கு ரெண்டு பேரா இருந்தா நல்லதுதானேன்னு..."

மிளகு இன்னொரு பட்டியலைத் திறந்தாள். இந்த நிமிடம் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் பட்டியல் அது. உச்சியில் இரும்புக் கதவு. அதன் தோளில் ஏறி நின்றது ஆயிரம் கண். இரண்டும் மாறி மாறி முதலிடம் பிடித்தன. அம்மாவின் ஒலிப்பதிவு எங்கோ அடியில், கூட்டத்தில் சிக்கிய குழந்தைபோல நசுங்கிக் கிடந்தது.

"இரும்புக் கதவு எதையாவது திறந்தா, அதை ஆயிரம் கண் சோதிக்குது. ஆயிரம் கண் சோதிச்சா, 'நீ ஏன் சோதிச்சே'ன்னு இரும்புக் கதவு சோதிக்குது" என்றாள் மிளகு.

சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். "வாசல்ல ரெண்டு காவலாளி ஒருத்தர் பையை ஒருத்தர் கிளறிக்கிட்டே நின்னா, வீட்டுக்காரங்க எப்படி உள்ள போறது?"

மணி மூன்றே கால். மிளகு கணக்கு நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து நான்கு பெயர்களையும் எழுதினாள். ஒன்றை நீக்க வேண்டும், கணினியை அணைத்துப் போட வேண்டும், எவ்வளவு நேரத்தில் எழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், அப்புறம்தான் அடுத்தது.

"எல்லாத்தையும் ஒரே மூச்சுல தூக்கிட்டா என்ன?" என்றார் சித்தப்பா.

"அப்ப எது பண்ணின தப்புன்னு நமக்குத் தெரியாதே."

ஆயிரம் கண் சுலபமாகப் போனது. ஒன்பது நிமிடம் எடுத்த கணினி நான்கு நிமிடத்தில் எழுந்தது. இரும்புக் கதவு மூன்று முறை 'நிச்சயமாகவா?' என்று கேட்டுவிட்டுப் போனது. மின்னல் வேகம் போனபோது, பெயருக்கு நேர்மாறாக, பத்து நிமிடம் எடுத்துக்கொண்டது.

கடைசியில் பளிச். நீக்கு என்றதும் கண்ணீர்விடும் ஒரு முகம் திரை முழுக்க வந்தது. 'எங்களைப் பிரியாதீர்கள்! உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது!' கீழே இரண்டு பொத்தான்கள். மவுஸ் அம்மாவின் கையில் இருந்தது.

"அழுவுதுடி" என்றாள் அம்மா.

"அம்மா, அது படம்."

"தெரியுது. இருந்தாலும்..."

"அது உங்க கப்பல முழுங்கப் பாத்துச்சு."

அம்மாவின் விரல் ஒரு கணம் தயங்கியது. பிறகு, 'வேண்டாம், நீக்கு' என்பதை டக்கென்று அழுத்தினாள். அழுத்திவிட்டு, தன் விரலையே ஆச்சரியமாகப் பார்த்தாள்.

சித்தப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இதோ இதையும் தூக்கிடு மிளகு! பேரே விளங்கல!"

"அது பிரிண்டர் ஓடறதுக்கு, சித்தப்பா. விளங்காததத் தொடக் கூடாது."

"சரி, சரி. ஆனா இப்ப காவலே இல்லையே. திறந்த வீடால்ல கிடக்கு?"

மிளகுக்கும் அந்தக் கவலை இருந்தது. கணினியோடு கூடவே வந்த காவல் ஒன்று உண்டு. புதியவர்கள் வந்ததும் அது ஒதுங்கிப்போயிருந்தது. அவள் அமைப்புகளில் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தாள். பச்சை வட்டத்துக்குள் ஒரு சரிக்குறி. 'காவல் இயங்குகிறது.' ஒரு முறை முழுச் சோதனையும் செய்யச் சொன்னாள். கால் மணி நேரம் கழித்து, 'அபாயம் எதுவும் இல்லை' என்று அது அடக்கமாகச் சொன்னது.

"இவர் இத்தன நாளா இங்கயா இருந்தார்?" என்றார் சித்தப்பா.

"சத்தம் போடல. அதான் நமக்குத் தெரியல" என்றாள் அம்மா.

கணினியை மறுபடி போட்டார்கள். நாற்பது விநாடி. மின்விசிறியின் மூச்சுவாங்கல் நின்றிருந்தது. மணி நாலரை.

அம்மா தண்ணீர் குடித்தாள், போர்வையை இழுத்துவிட்டாள், மைக்கின் முன் உட்கார்ந்தாள். சித்தப்பா வாசலில் நின்று, தெருவில் யார் வந்தாலும் உதட்டில் விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். மிளகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தும்மல் வந்தபோது தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஐந்தே காலுக்கு அம்மா புத்தகத்தை மூடினாள். அங்கங்கே போட்டுக் கேட்டார்கள். எங்கும் ஒரு விக்கல்கூட இல்லை.

பன்னிரண்டு கோப்புகளும் புறப்பட்டன. பத்து சதவீதம். முப்பது. எழுபது. சித்தப்பா மூச்சே விடவில்லை. நூறு! ஐந்து மணி நாற்பத்திரண்டு நிமிடம்.

அம்மா அப்படியே தரையில் படுத்துக் கை கால்களை நீட்டினாள். "அப்பாடா!" என்ற அந்தச் சத்தம் அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஃபோன் அடித்தது. நூலகர் அக்கா.

"வந்துடுச்சு! பன்னிரண்டும் வந்துடுச்சு! ஆனா ஒரு சிக்கல்..."

அம்மா சடாரென்று எழுந்து உட்கார்ந்தாள். "என்னாச்சு?"

"சரியா இருக்கான்னு பாக்க முதல் கோப்பப் போட்டேன். எப்படித்தான் மூக்கு வேர்த்துச்சோ, பசங்க எல்லாரும் ஓடி வந்துட்டாங்க. இப்ப நிறுத்த விட மாட்டேங்கறாங்க. நீங்களே கேளுங்க."

அம்மா ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினாள். நாற்காலிகள் இழுபடும் சத்தம், "தள்ளி உக்காருடா" என்ற முணுமுணுப்பு, யாரோ யாரையோ "ஷ்ஷ்" என்று அடக்குவது எல்லாம் கேட்டது. பிறகு சட்டென்று அமைதி. அந்த அமைதிக்குள்ளிருந்து அம்மாவின் குரலே திரும்பி வந்தது. "அந்தத் துறைமுகத்தில் ஒரு நாள் காலை, ஒரு கப்பலைக் காணோம்..."

"என்னது, காணோமா!" என்றது தொலைவில் ஒரு பிஞ்சுக் குரல்.

அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். சித்தப்பா சத்தமில்லாமல் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அந்தக் கதையை வரிக்கு வரி மனப்பாடமாகச் சொல்லக்கூடிய மிளகும், கப்பல் எங்கே போயிருக்கும் என்று ஃபோன் பக்கம் காதை நீட்டினாள்.