விருந்தாளியின் முழங்கால்

பெய்ஜிங்கில் இறங்கியபோது வேல்கனிக்கு இடது முழங்கால் கழன்று விழுவதுபோல் வலித்தது. இருபத்தாறு வருடம் தூத்துக்குடி உப்பளத்தில் சுமை தூக்கிய கால். வந்திறங்கும் எல்லோருக்கும் செய்வதுபோல் அவள் மணிக்கட்டிலும் நோவுமாற்றுப் பட்டையைக் கட்டினார்கள். அங்கிருந்த தமிழர்கள் அதை பேண்ட் என்றார்கள். ரயில் ஏறுவதற்குள் வலி போய்விட்டது. நம்பாமல் முழங்காலை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள்.

கூட்டிப்போக வந்தவள் நாத்தனார் தங்கபுஷ்பம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் இந்த ஊர்க் கட்டுமான வேலைக்கு அவர்கள் அளத்திலிருந்து ஒரே ஒரு ஆள் எடுத்தார்கள். வேல்கனி, தங்கபுஷ்பம் இரண்டு பேரையும் நடக்கச் சொல்லிப் பார்த்த ஏஜென்ட், நொண்டாதவளைக் கூட்டிப்போனான். இப்போது அவள் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. வேல்கனிக்கு வயிறு எரிந்தது.

ஊரைப் பார்த்தால் இன்னும் எரிந்தது. திங்கட்கிழமை நாலு மாடியாக இருந்த எதிர்க் கட்டடம் வியாழக்கிழமை ஒன்பது மாடி. காலையில் ஏறிப்போன பாலம் சாயங்காலம் அடுத்த தெருவில் நின்றது. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நம்ம அளத்துக்குப் போற ஓடைப் பாலம் பதினாலு வருசமா ரெண்டு தூணோட நிக்கி," என்றாள் வேல்கனி. "காக்கா எச்சம் போட்டு மூணாவது தூணு வளந்தாத்தான் உண்டு."

"இங்கயும் மனுசந்தான மதினி வேலை பாக்கான்."

"பாக்கான். வலிக்கலைல்லா."

தங்கபுஷ்பம் பேச்சை மாற்றினாள்.

ஐந்தாம் நாள் காய்கறிப் பையோடு அவள் படியேற, வேல்கனி பின்னால் வந்தாள். மூன்றாம் படியில் தங்கபுஷ்பம் இடது தொடையில் கையை ஊன்றி, காலைப் பக்கவாட்டில் வீசி மேலே வைத்தாள். உலகத்தில் அப்படி ஏறுகிறவள் தான் ஒருத்திதான் என்று வேல்கனி நினைத்திருந்தாள்.

"ஏட்டி, அது என் காலுல்லா."

தங்கபுஷ்பம் படியில் உட்கார்ந்துவிட்டாள். "நோவு காத்துலயா போவும்? யாராவது வாங்கணும். ஊர்க்காரங்க வலிய ஊரே முறவச்சுச் சுமக்கும். எனக்கு மாசத்துல ரெண்டு நாளு. எங்க பெரிய இஞ்சினியருக்கும் ரெண்டு நாளு. விருந்தாளி வலிய மட்டும் கூப்பிட்ட வீட்டுக்காரங்க வாங்கணும்."

"சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா பட்டையக் கழட்டிருவிய. ஒரு வாரம் நிமுந்து நடக்கட்டும்னு நெனச்சேன். போவயில வாசல்ல திருப்பி வாங்கிக்கிடுங்க." முழங்காலை அமுக்கிக்கொண்டே சிரித்தாள். "எப்படித்தான் இத வச்சிக்கிட்டு உப்பு சுமந்தியளோ."

பரிவாகத்தான் சொன்னாள். வேல்கனிக்கு உறைத்தது வேறு. இந்த ஊரில் இஞ்சினியர்கூட அடுத்தவன் வலியைச் சுமக்கிறான். அவளுடைய வலியை இருபத்தாறு வருடத்தில் ஒரு மேஸ்திரி ஒரு மணி நேரம் வாங்கியதில்லை. மாடி, பாலம் எல்லாவற்றையும்விட இதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

புறப்படும் நாள், பட்டையைக் கழற்றும் இயந்திரம் தமிழில் கேட்டது: "உங்கள் வலியைத் திரும்பப் பெறுகிறீர்களா? பெறாவிட்டால், நீங்கள் மறுபடி நேரில் வரும்வரை அது வீட்டுக்காரரிடம் இருக்கும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கபுஷ்பம் வலது காலில் பாரத்தைப் போட்டு நின்று கையசைத்தாள். மாதம் இரண்டு நாள் போக, பன்னிரண்டு வருடம் நோகாமல் இருந்தவள்தானே.

"வேண்டாம்," என்றாள் வேல்கனி.

அளத்து வரப்பில் இப்போது அவள்தான் எல்லோருக்கும் முன்னால் நடக்கிறாள். இரண்டு மாதம் கழித்து போன் வந்தது. ஏச்சு விழும் என்று நினைத்துத்தான் எடுத்தாள்.

"மதினி, மழைக்கு முந்தி வலிக்குமா, பெறவா?"

வேல்கனி தன் நோகாத முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். "முந்தி. எருக்கல எல வாட்டி ஒத்தடம் குடு."

"எருக்கலைக்கு இங்க எங்க போவேன்? சரி, வச்சிருதேன். படி ஏறணும்."

தங்கபுஷ்பத்துக்கு வேல்கனி பட்டிருக்கும் கடன் ஒரு முழங்கால் வலி. நேரில் போய் வாங்கிக்கொண்டால்தான் தீரும். இன்னும் போகவில்லை.